தங்கச் சுவர் உப்பினால் கடைமடைக்கு ஒளி எப்படிப் போகும்?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், லேசர் அடித்து அணுக்கரு இணைவு, அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றாகச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் வேலை, நடத்தும் கலிபோர்னியா ஆய்வகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி: "எரிபொருளைச் சுற்றியிருக்கும் தங்கச் சுவர் சூட்டில் உப்பி ஒளியின் வழியை அடைத்துக்கொள்கிறது, நம் கடைமடைக்குத் தண்ணீர் போகாத கதைதான்." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இதில் சந்தோஷம்தான். செய்தித்தாள்கள் எல்லாம் எத்தனை மெகாஜூல் ஆற்றல் வந்தது என்பதோடு நிறுத்திவிடுகின்றன, அந்த மெகாஜூல் வருவதற்குள் ஒரு சுவரோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: சார், ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். லேசர் எரிபொருள் உருண்டை மேல்தானே படும், நடுவில் சுவர் எங்கிருந்து வந்தது? அது உப்பினால்தான் என்ன?
– கல்லூரி மாணவர், திருவையாறு

லேசர் அந்த உருண்டையைத் தொடுவதே இல்லை தம்பி. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இருக்கும் அந்தக் கருவிக்கு நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்று பெயர், சுருக்கி நிஃப் என்பார்கள். 2009இல் கட்டி முடித்தார்கள். அதில் 192 லேசர் கற்றைகள். அத்தனையும் போய்ச் சேரும் இடம் ஒரு சின்னத் தங்கக் குப்பி. குழந்தைக்கு இடுப்பில் கட்டும் தாயத்துக் குப்பி இருக்கிறதே, ஏறத்தாழ அந்த வடிவம்தான். ஒரு சென்டிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஓட்டை. இதை ஹோல்ரௌம் என்கிறார்கள், ஜெர்மன் சொல், உள்ளே காலியான இடம் என்று பொருள். நாம் குப்பி என்றே வைத்துக்கொள்வோம். குப்பியின் நட்ட நடுவில் 2 மில்லிமீட்டர் விட்டத்தில், கடுகைவிடப் பெரிசு, மிளகைவிடச் சிறிசு, வைரத்தால் ஆன ஒரு கூடு. அதன் உட்புறத்தில் டியூட்டீரியமும் டிரிட்டியமும், அதாவது ஹைட்ரஜனின் கனமான இரண்டு வகைகள், பூஜ்யத்துக்குக் கீழே 250 டிகிரியையும் தாண்டிய குளிரில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

லேசர் இரண்டு ஓட்டை வழியாகவும் நுழைந்து குப்பியின் உட்சுவரில் படுகிறது. சுவர் 30 லட்சம் டிகிரிக்கு மேல் காய்ந்து எக்ஸ் கதிரை உமிழ்கிறது. குப்பிக்குள் எக்ஸ் கதிர் நிரம்பி, எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்த வைரக் கூட்டின் மேல்தோலை எரித்து வெளியே விசிறியடிக்கிறது. தோல் வெளியே பறந்தால் மீதி உள்ளே தள்ளப்பட வேண்டும் அல்லவா, வாணம் நெருப்பைக் கீழே தள்ளித் தான் மேலே போவது மாதிரி. அப்படித் தள்ளப்படும் வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். கூட்டின் ஆரம் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்க வேண்டும். மட்டை உரிக்காத ஒரு தேங்காயை, உருண்டை வடிவம் கெடாமல், சுண்டைக்காய் அளவுக்கு அமுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் நடுவில் சூடு சேராது, இணைவு பற்றிக்கொள்ளாது.

இப்போது சுவருக்கு வருகிறேன். 192 கற்றைகளும் ஒரே இடத்தில் படுவதில்லை. 128 கற்றைகள் அதிகச் சாய்வில் வந்து, நுழைந்தவுடனேயே ஓட்டைக்குப் பக்கத்துச் சுவரில் படும், இவற்றை வெளிக்கற்றைகள் என்போம். மீதி 64, அதாவது உட்கற்றைகள், குப்பிக்குள் நீளமாகப் பயணம் செய்து இடுப்புப் பகுதிச் சுவரைப் போய்த் தொட வேண்டும். வெளிக்கற்றை பட்ட இடத்தில் தங்கம் அதற்கப்புறம் தங்கமாக இருக்காது, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று பிளாஸ்மாவாகி, பால் பொங்குவது போல உள்பக்கமாக உப்பிக்கொண்டு வரும். சுவருக்கும் நடுவில் இருக்கும் கூட்டுக்கும் இடையில் இருப்பதே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி. உட்கற்றைகள் இடுப்புக்குப் போக வேண்டிய வழியும் அந்த இடைவெளிதான். குமிழி மாதிரி எழும் தங்கப் பிளாஸ்மா அந்த வழியில் குறுக்கே வந்து நின்று ஒளியை விழுங்கிவிடுகிறது. இடுப்புக்குச் சேர வேண்டிய ஒளி பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது.

நான் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்தில். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்று வானொலியில் கேட்ட நாளிலிருந்து அப்பா தினமும் காலையில் போய் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவார், காய்ந்த வாய்க்காலைத்தான். கல்லணைக்குத் தண்ணீர் வந்தாயிற்று, வெண்ணாற்றில் விட்டாயிற்று, ஆனாலும் எங்களுக்கு வராது. ஏன் என்று போய்ப் பார்த்தால், மேலே முதல் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து, வெயிலில் வெடித்துக் கிடந்த கரையைக் கரைத்து வாய்க்காலுக்குள்ளேயே சரித்திருக்கும். மேல்மடைக்காரர்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஓடிய தண்ணீரே கரையைத் தள்ளிவிட்டது, தள்ளிய கரை எங்கள் தண்ணீரை மறித்துவிட்டது. குப்பிக்குள் நடப்பது இதேதான். வெளிக்கற்றை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் அந்த வேலையின் விளைவாகவே உட்கற்றையின் வழி அடைபடுகிறது.

அடைபட்டால் என்ன ஆகும்? முனைப் பக்கங்களிலிருந்து அழுத்தம் முழுசாக வரும், இடுப்புப் பக்கத்திலிருந்து குறைவாக வரும். உருண்டையாகச் சுருங்க வேண்டிய கூடு அதிரசம் மாதிரி தட்டையாகிவிடும். இதில் இன்னொரு கொடுமை, இந்த அடைப்பு ஆரம்பத்தில் வருவதில்லை. லேசர் துடிப்பின், அதாவது ஒரு தடவை சுடும் ஒளிவீச்சின், முதல் பாதியில் எல்லாம் ஒழுங்காகப் போகும். உச்ச சக்தி வரும் கடைசி நேரத்தில்தான் குமிழி நன்றாக வளர்ந்து நிற்கும். பயிருக்குத் தூர் கட்டும் வரை தண்ணீர் வந்து, பால் பிடிக்கும்போது நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறது. விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. அந்த விஞ்ஞானிகள் ஏன் தங்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? உப்பாத வேறு உலோகம் கிடையாதா?
– ஓவியக் கலைஞர், தஞ்சாவூர்

அந்தச் சூட்டில் உப்பாத பொருள் உலகத்தில் கிடையாது அம்மா. இரும்பானாலும் வைரமானாலும் பிளாஸ்மாவாகிப் பொங்கத்தான் செய்யும். கேட்க வேண்டியது எது லேசரை நன்றாக எக்ஸ் கதிராக மாற்றும், எது அந்த எக்ஸ் கதிரை வெளியே கசிய விடாமல் திரும்ப உள்ளேயே உமிழும் என்பதைத்தான். இதற்கு அணு எண் பெரிதாக இருக்க வேண்டும், ஒவ்வோர் அணுவிலும் எலக்ட்ரான்கள் நிறைய இருக்க வேண்டும். தங்கத்தின் அணு எண் 79. துருப்பிடிக்காது, மெல்லிசாகப் பூச வரும், அது உங்களுக்கே தெரியும். யுரேனியம் இதைவிடக் கொஞ்சம் நல்லது, அணு எண் 92, அதனால் நிஃப்பில் பல குப்பிகளைக் கதிரியக்கம் குறைந்த வகை யுரேனியத்தில் செய்து, காற்றுப் பட்டால் கறுத்துவிடும் என்பதால் உள்பக்கம் மெல்லிய தங்கப் பூச்சு கொடுக்கிறார்கள்.

தங்கக் குப்பியைச் செய்யும் விதம் உங்களுக்குப் பிடிக்கும். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்களே, அதற்குச் சித்தப்பா பிள்ளை போன்ற முறை இது. குப்பியின் உள்ளளவுக்குச் செம்பில் ஒரு அச்சு கடைந்து, அதன் மேல் மின்முலாம் முறையில் தங்கத்தை ஏற்றுகிறார்கள். பிறகு அமிலத்தில் போட்டால் செம்பு கரைந்து போய்விடும், தங்கக் கூடு மட்டும் நிற்கும். செய்த குப்பி ஒரே ஒரு சோதனைக்குத்தான், அதோடு ஆவியாகிவிடும்.

கேள்வி: நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாய்க்கால் அடைத்தால் தூர் வாருவோம், கரை சரிந்தால் மூங்கில் அடித்துக் கட்டுவோம், முறை வைத்து விடுவோம். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லாத அந்த இடத்தில் அவர்கள் என்னதான் செய்வார்கள்?
– கூத்தாநல்லூர் வாசகர்

ஐயா, உங்கள் கேள்விதான் இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் சொன்ன மூன்றையும் அவர்கள் ஏதோ ஒரு வடிவத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய சோதனைகளில் முழு லேசர் துடிப்பும் பத்து நானோ நொடிக்குள், ஏறக்குறைய எட்டில், முடிந்துவிடுகிறது. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளியே அந்த நேரத்தில் ஓர் அடிதான் நகரும். ஆக எட்டு நானோ நொடி என்றால் ஒளி உங்கள் வீட்டுக் கூடத்தைக்கூடக் கடந்திருக்காது. துடிப்பு தொடங்கிய பிறகு யாரும் எதையும் திருத்த முடியாது, எல்லா ஏற்பாட்டையும் முன்கூட்டியே குப்பிக்குள் வைத்துவிட வேண்டும்.

கரைக்கு மூங்கில் அடிப்பதற்குச் சமமான வேலை ஹீலியம். குப்பியின் இரண்டு ஓட்டைகளையும் மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, உள்ளே ஹீலியம் வாயுவை நிரப்புவார்கள். லேசர் வந்ததும் படலம் ஆவியாகும், வாயுவும் பிளாஸ்மாவாகிச் சூடேறி, பொங்கி வரும் தங்கத்தை எதிர்த்து அழுத்தும். சுவரின் வேகம் குறையும். 2009 முதல் 2012 வரை நடந்த முதல் பெரிய முயற்சியில் இதைத்தான் நம்பினார்கள், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம், அதற்கும் மேலே என்று வாயுவை அடர்த்தியாக நிரப்பினார்கள். சுவர் அடங்கியது, ஆனால் வேறு வினை வந்தது. அடர்ந்த வாயுப் பிளாஸ்மாவுக்குள் ஒளி நீண்ட தூரம் போகும்போது அதற்குள் அலைகளைக் கிளப்பிவிடுகிறது, அந்த அலைகளில் பட்டு லேசர் வந்த வழியே திரும்பிச் சிதறுகிறது. லேசர் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இப்படித் திரும்பி ஓடியது. அதிலும் பெரும்பகுதி உட்கற்றையின் பங்கு, அதாவது கடைமடையின் பங்கு. போதாததற்கு அந்த அலைகள் சில எலக்ட்ரான்களை அளவுக்கு மீறி வேகப்படுத்தி எரிபொருளுக்குள் அனுப்பின, முன்னாலேயே சூடேறிய எரிபொருளை அமுக்குவது கஷ்டம். இணைவு பற்றிக்கொள்ளும் என்று கணினிக் கணக்கு சொல்லியிருந்தது, 2012 செப்டம்பரில் திட்டக் காலம் முடிந்தபோது பற்றிக்கொள்ளவில்லை. எத்தனை பேர் எத்தனை வருட உழைப்பு, நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்புறம் எதிர்த்திசையில் யோசித்தார்கள். வாயுவைக் குறைத்துவிடலாம், கன சென்டிமீட்டருக்கு 0.3 மில்லிகிராம் போதும். நாம் மூச்சு விடும் காற்றின் அடர்த்தியில் கால் பங்குதான் அது. ஒளி சிதறுவது பெரும்பாலும் நின்றது. ஆனால் மூங்கிலை எடுத்துவிட்டோம், கரை இப்போது வேகமாகச் சரியும். அதற்கு என்ன வழி? கரை சரிவதற்கு முன்பே பாசனத்தை முடித்துவிடுவது. பழைய கூடு பிளாஸ்டிக்கில் செய்தது, அதற்குத் துடிப்பு 20 நானோ நொடி வரை நீள வேண்டியிருந்தது. வைரத்தின் அடர்த்தி பிளாஸ்டிக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல், அதனால் அதே எடைக்குக் கூடு மெல்லிசாக இருக்கும், அதிர்வலை சீக்கிரம் கடந்துவிடும், துடிப்பையும் பாதிக்கும் கீழே குறைக்கலாம். வைரக் கூடு என்றால் ஏதோ ஆடம்பரம் போலத் தோன்றும். சுவர் வந்து அடைப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்துக்கு அது ரொம்பவும் கைகொடுத்தது.

உங்கள் மூன்றாவது விஷயம், முறை வைத்து விடுவது. இது எனக்கு மிகவும் அழகாகத் தோன்றும் ஒன்று. கற்றைகள் எல்லாம் குப்பியின் ஓட்டையில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அங்கே பிளாஸ்மா இருக்கிறது. கடக்கும் இரண்டு கற்றைகளின் அலைநீளத்தில் துளி வித்தியாசம் வைத்தால், பிளாஸ்மாவில் எழும் ஓர் அலையின் வழியாக ஒரு கற்றை தன் ஆற்றலில் கொஞ்சத்தை மற்றதற்குக் கொடுத்துவிடும். சில ஆங்ஸ்ட்ராம், அதாவது மில்லிமீட்டரில் கோடியில் சில பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். வெளிக்கற்றையிலிருந்து உட்கற்றைக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை இப்படி முன்கூட்டியே வைத்துவிடலாம். கல்லணையில் நின்று காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று ஷட்டரை ஏற்றி இறக்குவது போல. கடைமடை வழியில் கொஞ்சம் வீணாகும் என்று தெரிந்தால் தலைப்பிலேயே கூட்டி விடுவோமே, அந்தக் கணக்கு.

இதன் அருமை 2022இல் தெரிந்தது. அந்த வருடம் செப்டம்பரில் லேசரின் ஆற்றலை 2.05 மெகாஜூலுக்கு ஏற்றி, கூட்டையும் கொஞ்சம் தடிமனாக்கி ஒரு சோதனை செய்தார்கள். வந்தது 1.2 மெகாஜூல் மட்டும். படம் எடுத்துப் பார்த்தால் கூடு தட்டையாக நசுங்கியிருந்தது, நான் சொன்ன அதே அதிரசம். அதற்குப் பிறகு லேசரின் அளவை ஏற்றவில்லை. கற்றைகளுக்கு இடையே ஆற்றல் பகிர்வைத் திருத்தினார்கள், வடிவம் உருண்டைக்கு நெருங்கியது. டிசம்பர் 5 அன்று அதே 2.05 மெகாஜூல் உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது அந்த 3.15தான். அந்தச் சோதனையின் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் ஆன்னி கிரிட்சர். பங்கு பிரிக்கத் தெரிந்தவர் என்று உங்கள் துறையில் சொன்னால் அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கு அதை நான் தாராளமாகக் கொடுப்பேன்.

மிச்சமிருப்பது தூர் வாருவது, அதற்கு ஈடாகக் குப்பியின் வடிவத்தையே மாற்றும் யோசனைகள் இருக்கின்றன. வெளிக்கற்றை படும் இடத்தில் சுவரைச் சற்று உள்வாங்கிப் பள்ளமாக வெட்டிவிட்டால், தங்கம் பொங்கினாலும் முதலில் அந்தப் பள்ளத்தைக் கடந்துதான் வழிக்கு வர வேண்டும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தப் பள்ளம் கொஞ்சம் நேரம் வாங்கிக்கொடுக்கும். இரண்டு வாளிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல, இடுப்பு அகன்று முனை ஒடுங்கிய குப்பியும் செய்து பார்த்திருக்கிறார்கள். சுவரின் உள்பக்கத்தில் பஞ்சு மாதிரி லேசான உலோக ஆக்சைடு நுரையைப் பூசினால் சுவர் பொங்கும் விதம் மாறுகிறது என்றும் சோதித்திருக்கிறார்கள். குப்பியைப் பேசாமல் பெரிதாக்கிவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். பெரிதாக்கலாம், வழி அகலமாகும், ஆனால் சுவரின் பரப்பு கூடக் கூட அதைக் காய்ச்சவே ஆற்றல் போய்விடும். இப்போதே 2 மெகாஜூல் கொடுத்தால் கூடு வாங்கிக்கொள்வது கால் மெகாஜூல் அளவுதான், மீதியில் பெரும்பங்கைச் சுவர் குடித்துவிடுகிறது. அகல வாய்க்காலில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வீணாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: தொல்லை கொடுக்கும் சுவரே எதற்கு? லேசரை நேராக உருண்டை மேல் அடித்தால் என்ன?
– பட்டுக்கோட்டை வாசகி

அடிக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒமேகா என்ற 60 கற்றை லேசர் இருக்கிறது, அங்கே முக்கியமாக இந்த நேரடி முறைதான். ஆற்றல் வீணாவது குறைவு. ஆனால் லேசர் கற்றை முழுக்க ஒரே சீரான ஒளியாக இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும், அந்தத் திட்டு அப்படியே கூட்டின் மேல் தழும்பாகப் பதிந்துவிடும். அமுக்க அமுக்கத் தழும்பு பெரிதாகும். சுவர் இருந்தால் அது லேசரை வாங்கி எக்ஸ் கதிராக்கி, அந்த எக்ஸ் கதிர் உள்ளேயே திரும்பத் திரும்ப உறிஞ்சப்பட்டு உமிழப்பட்டு, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும். அடுப்பில் நேரே காட்டிச் சுடுவதற்கும் ஆவியில் வேக வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். இட்லி சீராக வேக ஆவிதானே வேண்டும்.

கேள்வி: அந்த மின்சாரத்தில் என் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும்?
– விவசாயி, குத்தாலம்

உங்களுடையது 5 குதிரைத்திறன் மோட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். 2022 டிசம்பரில் வந்த 3.15 மெகாஜூலை ஒரு சொட்டு வீணாகாமல் மோட்டாருக்குக் கொடுத்தால் 14 நிமிடம். இதுவரை வந்தவற்றில் நான் அறிந்த பெரியது 2025 ஏப்ரலில் வந்த 8.6 மெகாஜூல், அதற்கு 38 நிமிடம். ஆனால் அந்த 2 மெகாஜூல் லேசரை உண்டாக்க மின்கம்பியிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுக்கிறார்கள். அதை நேரே உங்கள் மோட்டாருக்குக் கொடுத்திருந்தால் 22 மணி நேரம் ஓடியிருக்கும். ஆகவே இப்போதைக்கு இது மின்சாரம் தயாரிக்கும் வேலை இல்லை, அப்படி எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை சுடுவது போய், நொடிக்குப் பல தடவை சுட வேண்டும், குப்பியும் சில ரூபாய்க்குள் அடங்க வேண்டும், அதற்கெல்லாம் நெடுந்தூரம் இருக்கிறது.

கேள்வி: எட்டு நானோ நொடியில் சுவர் உப்புகிறது, அதுவும் மூடிய தங்கக் குப்பிக்குள். உப்புகிறது என்று எப்படிப் பார்த்தார்கள்? ஊகமா?
– பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

ஊகமாகத் தொடங்கியதுதான் டீச்சர், ஆனால் பார்த்தும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இல்லை, எக்ஸ் கதிரில். நானோ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் எக்ஸ் கதிர்ப் படக்கருவிகள் இருக்கின்றன. அவற்றைக் குப்பியின் ஓட்டைப் பக்கமாகவோ, பக்கச் சுவரில் வெட்டிய ஒரு சின்ன ஜன்னல் வழியாகவோ உள்ளே பார்க்க வைக்கிறார்கள். சுவரை வேண்டுமென்றே மிக மெல்லிசாகச் செய்து, லேசர் படும் இடத்தின் ஒளிர்வு வெளியிலிருந்தே தெரியும்படி வைத்தும் குமிழி நகர்வதை அளந்திருக்கிறார்கள். சில சோதனைகளில் வேறு ஒரு தனிமத்தைப் பொட்டு மாதிரி வைத்துவிடுவார்கள், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் எக்ஸ் கதிரை விடும் என்பதால் அந்தப் பொட்டு எங்கே போனது, எவ்வளவு சூடானது என்று தெரிந்துவிடும். வாய்க்காலில் சாயம் விட்டு எந்த மதகுக்குப் போகிறது என்று பார்ப்பது போல. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பொட்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே பிடிபடும்.

கேள்வி: இது அணுகுண்டு ஆராய்ச்சி என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?
– நாகப்பட்டினம் வாசகர்

உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்கா 1992க்குப் பிறகு அணுகுண்டை வெடித்துச் சோதிக்கவில்லை. வெடிக்காமலேயே தன்னிடம் இருக்கும் ஆயுதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கணக்கிட, அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டும். நிஃப்புக்குப் பணம் வந்த முதன்மையான காரணம் அதுதான். ஆற்றல் ஆராய்ச்சி அதன் கூடவே வருகிறது. எனக்கு இதில் சங்கடம் உண்டு, இயற்பியல் சொல்லிக்கொடுத்த முப்பது வருடமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் பூமிக்கடியில் வெடிப்பதற்குப் பதில் ஒரு தாயத்துக் குப்பிக்குள் வெடிப்பது மேல் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. உங்கள் பத்தியைப் படித்துவிட்டு இதைத்தான் படிப்பேன் என்கிறான். உறவுக்காரர்கள் எல்லாம் இன்ஜினியரிங் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முடியுமா சார்?
– தாய், வேதாரண்யம்

முடியும் அம்மா. பக்கத்தில் இருக்கும் நல்ல அரசுக் கல்லூரியில் இளநிலை இயற்பியல் சேர்த்துவிடுங்கள், செலவு அதிகம் ஆகாது. அந்த மூன்று வருடத்தில் அவன் கணக்கை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மின்காந்தவியலை உருப்போடாமல் புரிந்து படிக்க வேண்டும், கணினியில் பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழக வேண்டும். சுவர்ப் பிளாஸ்மா ஆராய்ச்சியில் பெரும்பகுதி கணினியில்தான் நடக்கிறது, முதலில் அங்கே குப்பியைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிஜக் குப்பியைச் சுடுவார்கள். பட்டம் முடிக்கும் வருடத்தில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் முதுகலை படிக்கலாம். அதற்குப் பிறகு ஜெஸ்ட் என்று ஒரு தேர்வு, ஆராய்ச்சிப் படிப்புக்கு. குஜராத்தில் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே முக்கியமாகக் காந்தப் புலத்தில் பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் முறை. லேசர் பக்கம்தான் போக வேண்டும் என்றால் இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம், மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டால் மாதாமாதம் உதவித்தொகை வரும், உறவுக்காரர்களிடம் அதையும் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அவனையே எழுதச் சொல்லுங்கள். குப்பியின் இடுப்பை அகலமாக்கினால் உட்கற்றை எந்தக் கோணத்தில் வர வேண்டும் என்று அவனே ஒரு படம் போட்டு அனுப்பட்டும், நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.